பாப்பாத்தி அத்தையும் அஞ்சாவது பாட்டும்

ஒரு பாப் பங்க் ஆல்பத்தைச் சிபாரிசு செய்ய லீவ் லெட்டர் பாணியில் கடிதம் எழுதியவள் உலகத்திலேயே சுகுணா ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அவளையும் குற்றம் சொல்ல முடியாது. பிளஸ் ஒன் வரைக்கும் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷில் எழுதக் கற்றுக்கொடுத்தது இரண்டே கடிதங்கள். ஒன்று, வயிற்றுவலிக்கு லீவு கேட்பது. இன்னொன்று, தெருவிளக்கு எரியவில்லை என்று ஆணையருக்குப் புகார் கொடுப்பது. ஆல்பத்தில் புகார் ஒன்றும் இல்லை. அதனால் லீவு.

கொல்லிமலை அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி பிரௌசிங் சென்டரில் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இரண்டு விரலால் தட்டித் தட்டி அவள் அனுப்பியது தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர், பணிவான வணக்கம். மேற்படி ஆல்பத்தை நான் நூற்றுப் பத்து முறை கேட்டிருக்கிறேன். ஒன்பது பாட்டுகளும் நலமாக உள்ளன. ஐந்தாவது பாட்டு மிகவும் நலம். ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து இதைக் கேட்டு ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள, மாதேஸ்வரன் சவுண்ட் சர்வீஸ், பெரக்கரை நாடு, கொல்லிமலை."

மாதேஸ்வரன் அவளுடைய அப்பா. மலையில் கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் நோன்பித் திருவிழா எதுவானாலும் மைக் செட் அவருடையதுதான். அவர் பேரை ஏன் போட்டாள் என்றால், பக்கத்தில் உட்கார்ந்திருந்த நஸ்லின் அப்படித்தான் யோசனை சொன்னாள்.

"பொம்பளப் புள்ள பேரப் போட்டா கண்டவனும் மெசேஜ் அனுப்புவான்டி. எங்க கடைக்கு வர்றவங்க படற பாட்டத் தெனம் பாக்கறேன். உங்கப்பா பேரப் போடு."

பிரௌசிங் சென்டர் நஸ்லினுடைய அத்தா அப்துல் அலீமுடையது. சுகுணா வாரநாட்களில் கீழே ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவள். இருவரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. முகவரியை மட்டும் சுகுணா தன் இஷ்டத்துக்குச் சேர்த்துக்கொண்டாள். முகவரி எழுதாவிட்டால் மார்க் குறைப்பார்கள் என்ற பழக்கம் விடவில்லை.

ஆல்பத்தின் பெயர் 'ஸாரி, மிஸஸ் பெக்கர்'. சாமையைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்து சுகுணாவின் ஊரில் நான்கு மாதம் தங்கியிருந்த அமெரிக்காக்காரி ஜென்னி, 2003-இல் ஊருக்குக் கிளம்பும்போது தன் வாக்மேனையும் அதற்குள் இருந்த கேசட்டையும் சுகுணாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். ஜென்னியின் ஊர்ப் பையன்கள் மூன்று பேர் ஒரு கார் ஷெட்டுக்குள் உட்கார்ந்து பாடிப் பதிந்ததாம். கித்தார் தலைதெறிக்க ஓடும். டிரம்ஸ் அதைத் துரத்தும். பாடுகிறவன் அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியாது. மூன்று நிமிடத்தில் பாட்டு முடிந்துவிடும். பக்கத்து வீட்டு மிஸஸ் பெக்கர் என்ற அம்மாள் சத்தம் தாங்காமல் சண்டைக்கு வந்து, அதிலிருந்து பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டாளாம். அவளிடம் மன்னிப்புக் கேட்கத்தான் ஒன்பது பாட்டும். மன்னிப்பையும் அதே சத்தத்தில்தான் கேட்டிருந்தார்கள்.

சுகுணாவுக்கு அதில் பாதி வார்த்தை புரியாது. ஆனால் ஹாஸ்டலில் விளக்கணைத்த பிறகு அதைக் கேட்டால், மறுநாள் கணக்கு டெஸ்ட் இருப்பது கூடப் பெரிதாகத் தெரியாது.

அந்த மாதிரிப் பாட்டுப் பைத்தியங்கள் கூடிப் பேசும் இணையதளம் ஒன்றை நஸ்லின்தான் கண்டுபிடித்தாள். கடிதத்தை அங்கே போட்ட மூன்றாம் நாள் பதில்கள் வந்து குவிந்தன. அந்தக் கேசட் மொத்தம் நூறுதான் போட்டார்களாம். கேட்டவர்கள் யாரும் இல்லை, கேள்விப்பட்டவர்கள் நிறைய. ஸ்வீடனில் இருந்து ஒருவர், "ஆறு வருடமாகத் தேடுகிறேன், தயவுசெய்து பகிருங்கள், இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிதலுள்ள" என்று எழுதியிருந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கீழ்ப்படிதலுள்ளவர்களாக மாறிவிட்டார்கள்.

பகிர வேண்டுமென்றால் கேசட்டைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்ற வேண்டும். வாக்மேன் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய நிலையில் இருந்தது, ஒரு காதுதான் பாடும். ஒழுங்கான கேசட் டெக் அப்பாவுடைய மைக் செட்டில்தான் இருந்தது. வைகாசி நோன்பி நெருங்கிவிட்டதால் அதைக் கீழே கொண்டுபோக முடியாது. அதனால் கம்ப்யூட்டர் மேலே வந்தது. கடையில் மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை 'ஸ்கூல் புராஜெக்ட்' என்று அத்தாவிடம் சொல்லி வாங்கி, கம்பளியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு எழுபது கொண்டை ஊசி வளைவிலும் நஸ்லின் பஸ்ஸில் வந்தாள். நாற்பதாவது வளைவில் அவள் வாந்தி எடுத்தாள். கம்ப்யூட்டர் மேல் ஒரு சொட்டு விழவில்லை.

"ஜன்னலுக்கு வெளிய தலைய நீட்டிட்டேன், மடிய அசைக்கல" என்று இறங்கியதும் பெருமையாகச் சொன்னாள்.

நோன்பியன்று காலை பத்து மணிக்கு வேலை ஆரம்பமானது. கோயிலுக்குப் பக்கத்துக் கொட்டகையில் ஆம்ப்ளிஃபயர். அதில் சத்தம் கூட்டிக் குறைக்கப் பாட்டுக்கு ஒரு திருகு, மைக்குக்கு ஒரு திருகு. இரண்டும் கலந்த சத்தம், பலாமரத்தில் கட்டியிருந்த நான்கு குழாய் ஸ்பீக்கர்களுக்கும் போகும். இன்றைக்கு ஒரு தனி ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கும் போனது. 'ஸாரி, மிஸஸ் பெக்கர்' முதல் பாட்டிலேயே பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. குச்சிக்கிழங்குக் காட்டு ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் நேரங்காலம் தெரியாமல் பட்டிக்குத் திரும்பின.

மாதேஸ்வரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். "என்ன கண்ணு, டேப்பு சிக்கிக்கிச்சா?"

"இல்லீங்கப்பா. பாட்டே இப்படித்தான்."

"சாமி பாட்டா?"

"மன்னிப்புக் கேக்கற பாட்டுங்கப்பா."

"அப்ப சரி, ஓடட்டும்" என்று அவர் போய்விட்டார்.

நான்கு பாட்டுகள் சுத்தமாகப் பதிந்தன. ஐந்தாவது பாட்டு, அவள் உயிராக நினைக்கும் பாட்டு, ஆரம்பித்து ஒரு நிமிடம் ஆனபோது அப்பா கையில் காகிதத்தோடு வந்து மைக்கை எடுத்தார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். நோன்பிச் சோற்றுக்கு எந்த வீட்டில் இருந்து என்ன வந்தது என்று, அடுப்பு மூட்டும் முன்னால் மைக்கில் வீடு வீடாகப் படித்தாக வேண்டும். பேர் மைக்கில் வந்தால்தான் பொருள் சாமிக்குப் போய்ச் சேர்ந்ததாக அர்த்தம். சாதாரணமாக அப்பா மைக்கைத் தொட்டால் சுகுணா பாட்டைக் குறைத்துவிடுவாள். இன்றைக்குக் குறைத்தால் பதிவு போய்விடும். அதனால் குறைக்கவில்லை. மாதேஸ்வரனும் விடவில்லை. கித்தாருக்கு மேலே ஏறி, டிரம்ஸோடு மல்லுக்கட்டிப் படித்தார்.

"அத்தாயி ஊடு, சாமை ஒரு மூட்ட. சின்னுசாமி ஊடு, பலாப்பழம் நாலு..."

அடுத்து வரப்போவது சுகுணாவுக்குத் தெரியும். கித்தார் சட்டென்று நிற்கும். டிரம்ஸ் மட்டும் தனியாக மூன்று வினாடி உருளும். நூற்றுப் பத்து முறையும் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்த இடம். அதற்கு மேலேயும் பலாப்பழம் விழுவதா என்று நினைத்தாளோ இல்லையோ, கை தானாகப் போய் மைக் திருகை இறக்கிவிட்டது. மூன்று வினாடி. பிறகு பயந்துபோய்த் திரும்ப ஏற்றிவிட்டாள்.

"...பொன்னம்மாள் ஊடு, பூசணிக்கா அஞ்சு" என்று அப்பா போய்க்கொண்டே இருந்தார்.

அந்த மூன்று வினாடியில் விழுந்த பேர் எது என்று சோறு பரிமாறும்போது தெரிந்தது.

பாப்பாத்தி அத்தை, அப்பாவின் சொந்த அக்கா, இலையை மடித்துவிட்டு எழுந்து நின்றாள். இரண்டு பூவன் வாழைத்தாரை ஒற்றையாளாகத் தலையில் சுமந்து வந்தவள் அவள்.

"ஏன்டா மாதேசு, ஊரு பேரெல்லாம் படிச்ச. கூடப் பொறந்தவ பேரு உன்ற வாயில வரலியா?"

"படிச்சனே அக்கா. சின்னுசாமிக்கு அடுத்தது உன்ற பேருதான்."

"நான் குழாய்க்கு நேராத்தான் ஒக்காந்திருந்தேன்."

அப்பா காகிதத்தைக் காட்டினார். அதில் பேர் இருந்தது.

"காயிதத்துல இருந்தா என்னடா, வாயில வரோணும். யாராவது கேட்டீங்களா, சொல்லுங்க" என்று அத்தை பந்தியைப் பார்த்துக் கேட்டாள். கேட்டவர்கள் யாரும் இல்லை. அத்தாயி மட்டும், "எனக்கு அந்த இங்கிலீசுச் சத்தத்துல என்ற பேரே பாதிதான் கேட்டுதுங்க" என்றாள். பாதியாவது கேட்டதே என்று அத்தைக்கு இன்னும் கோபம் வந்தது.

மாரியம்மன் மேல் சத்தியம் செய்தார் மாதேஸ்வரன். அதே மாரியம்மன் மேல் அத்தையும் சத்தியம் செய்தாள். கொட்டகை ஓரத்தில் நின்றுகொண்டிருந்த சுகுணாவுக்கு மட்டும் இரண்டு சத்தியமும் உண்மை என்று தெரியும். வாயைத் திறக்கத்தான் வரவில்லை.

அன்றோடு அக்கா தம்பி பேச்சு நின்றது. ஆவணியில் அத்தை மகன் சந்தோஷ்குமாருக்குக் கல்யாணம். "மைக் செட்டு கீழ சேந்தமங்கலத்துல இருந்து வருது" என்று அத்தை ஊர் பூராவும் சொல்லிக்கொண்டிருந்தாள். தாய்மாமன் மைக்காரன், மருமகன் கல்யாணத்தில் வேற்றாள் குழாய் கட்டுவது என்றால், அதற்குப் பிறகு மலையில் யார் அவரைக் கூப்பிடுவார்கள்?

அதைவிட மோசம் ஒன்று நடந்தது. மாதேஸ்வரனுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஞாபகம் தப்புகிறதோ என்று தினமும் வல்லாரைக்கீரையைப் பச்சையாக மென்றார். குச்சிக் காட்டுக்குப் போகும்போதும் வரும்போதும், "அத்தாயி ஊடு, சாமை ஒரு மூட்ட" என்று பட்டியலை முணுமுணுத்துத் தன்னைத் தானே சோதித்துக்கொண்டார். அடுத்து வந்த காதுகுத்தில் மைக்கைச் சின்னுசாமியிடம் கொடுத்துவிட்டார். சின்னுசாமி அரை மணி நேரம் "ஹலோ, ஹலோ" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

சனி ஞாயிறு ஊருக்கு வரும்போதெல்லாம் சுகுணா இதைப் பார்த்தாள். ஹாஸ்டலுக்குத் திரும்பினால் அந்த ஆல்பத்தைக் கேட்கப் பிடிக்கவில்லை. ஆனால் பதிந்ததைப் பதிந்தபடி, அப்பா குரலோடு, ஒரு நாளைக்கு ஒரு பாட்டாக நஸ்லின் இணையத்தில் ஏற்றி முடித்திருந்தாள். இன்னொரு தடவை கம்ப்யூட்டரை மடியில் வைத்து மலையேற அவள் தயாராக இல்லை.

ஆடி மாதம் முதல் வாரத்தில்தான் அந்த மெயில் வந்தது.

"அன்புள்ள திரு. மாதேஸ்வரன் அவர்களே, என் பெயர் டேவ். அந்தக் கேசட்டில் பாடியவன் நான்தான். உங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது பாட்டைப் பற்றி உங்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். உடனே பதில் எழுதவும்."

இருவரும் மூன்று முறை படித்தார்கள். நஸ்லின் எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்தினாள்.

"'உங்களைத் தேடிக்கொண்டிருந்தேன்'னு போட்டிருக்கான்டி. தேடறதுன்னா?"

"தெரியும்டி."

"திருட்டு விசிடி வித்தாலே குண்டர் சட்டம். ஒரு வருசம் வெளிய வர முடியாது. பேப்பர்ல போட்டிருந்தான்."

"நம்ம விக்கலியே. சும்மாதான குடுத்தோம்."

"சும்மா குடுத்தா இன்னும் மோசம். எத்தன பேரு எறக்கியிருக்காங்கன்னு பாரு, நானூத்திப் பன்னெண்டு."

"நானூத்திப் பன்னெண்டு கேஸா?"

"உம்மேல இல்லடி, உங்கப்பா மேல" என்றாள் நஸ்லின். "அவரு பேரு, அவரு ஊரு. அட்ரஸ் வேற போட்டு வெச்சிருக்க. பின்கோடு ஒண்ணுதான் பாக்கி."

அழித்துவிடலாம் என்று மௌஸைத் தொட்டார்கள். கரண்ட் போய்விட்டது. இருட்டுக் கடையில், தெருவில் போன ஒரு ஜீப் சத்தத்துக்கு இருவரும் மேஜைக்கு அடியில் உட்கார்ந்தார்கள். அது மாவு மில்லுக்கு வந்த ஜீப்.

மேஜைக்கு அடியில் உட்கார்ந்தபடியே சுகுணா அந்த மூன்று வினாடியையும் நஸ்லினிடம் சொன்னாள். திருகை இறக்கிய போது பக்கத்திலேயே இருந்தவள்தான் நஸ்லின், ஆனால் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவளுக்கு அது தெரியாது.

"போலீசு வர்றதுக்குள்ள உங்கப்பாகிட்ட நீயே சொல்லீரு. ரெண்டையும் சொல்லு."

"மொதல்ல எதச் சொல்றது?"

"சின்னத மொதல்ல."

"எதுடி சின்னது?"

நஸ்லின் இரண்டு விரலை நீட்டி மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை கடைசி பஸ்ஸில் சுகுணா மலைக்கு வந்தாள். சாப்பிட்டுவிட்டு அம்மா தூங்கிப்போனாள். அப்பா விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்து, பழுதான குழாய் ஒன்றைக் கழற்றிப்போட்டு அதன் ஒலி யூனிட்டைப் பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தார். மணி பதினொன்று. அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"தூங்கலியா சாமி?"

"அப்பா, உங்களப் புடிக்கறதுக்கு அமெரிக்காவுல இருந்து ஆளு வரப்போறாங்க."

மாதேஸ்வரன் பிளேடைக் கீழே வைத்தார். "நான் என்ன பண்ணுனேன்?"

கேசட்டு, கடிதம், அவர் பேர், கீழ்ப்படிதல், நானூற்றுப் பன்னிரண்டு பேர் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. அவர் பாதி புரிந்தும் புரியாமலும் கேட்டார்.

"நம்ம சவுண்ட் சர்வீஸ் பேரு அமெரிக்கா வரைக்கும் போயிருக்குதா?"

"ஸ்வீடனுக்கும் போயிருக்குதுங்க. அது இருக்கட்டுங்கப்பா. இன்னொண்ணு இருக்குது."

"இதுக்கு மேலயா?"

"நோன்பியன்னிக்கு நீங்க படிக்கறப்ப, அந்தப் பாட்டுல ஒரு நல்ல எடம் வந்துதுங்க. நான் மைக் திருகக் கொறச்சுட்டேன். மூணே செகண்டு. சின்னுசாமி மாமாவுக்கு அடுத்து. அத்தை பேரு அதுலதான் போச்சுங்க."

அடி விழும் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன செகண்டுன்ன?"

"மூணுங்க."

"எண்ணு" என்றார். குரலைச் செருமி, மைக் பிடிக்கிற மாதிரி பிளேடைப் பிடித்துக்கொண்டு, "பாப்பாத்தி ஊடு, பூவந்தாரு ரெண்டு" என்று படித்தார். சுகுணா விரலை மடக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

"சரியா இருக்குதா?"

"அளவெடுத்த மாதிரி இருக்குதுங்க."

"அப்ப நான் படிச்சிருக்கேன்" என்றார் மாதேஸ்வரன். "எனக்கு ஒண்ணும் ஆகல." இரண்டு மாதமாகக் குறுகிப்போயிருந்த முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. "கழுத, இத அன்னிக்கே சொல்லியிருந்தீன்னா அறுபது நாளு அந்தப் பச்சக் கீரையத் தின்னிருக்க மாட்டேன்."

"அடிக்கலீங்களா?"

"உங்கத்தைகிட்ட நீயே வந்து சொல்லோணும். அதுக்கப்புறம் நான் வேற எதுக்கு அடிக்கறது?"

அவர் சொன்னது சரிதான். மறுநாள் காலை அத்தை வீட்டு வாசலில் அப்பாவோடு நின்று சுகுணா எல்லாவற்றையும் சொன்னாள். அத்தை முறத்தில் சாமையைப் புடைத்துக்கொண்டே கேட்டாள். தம்பியைப் பார்க்கவேயில்லை.

"ஏன் கண்ணு, உங்கப்பன் தப்ப மறைக்கறதுக்கு உன்ற தலையில கட்டி உட்டுட்டானா?"

"இல்லீங்க அத்தை. நானேதான்..."

"நல்ல பொய்யி. திருகாம், செகண்டாம். பன்னெண்டாவது படிக்கற புள்ளயப் பொய் சொல்லப் பழக்கியிருக்கான்."

"அக்கா, அமெரிக்காக்காரன் கூட..."

"அமெரிக்காக்காரன் வந்து சொல்லட்டும், நம்பறேன்" என்றாள் அத்தை. புடைத்த தூசி அப்பாவின் வேட்டி மேல் சரியாக வந்து விழுந்தது.

அக்கா சொன்னதை அப்படியே விட்டிருந்தால் பரவாயில்லை. சனிக்கிழமையே மாதேஸ்வரன் சட்டை மாட்டிக்கொண்டு மகளோடு மலையிறங்கி, பிரௌசிங் சென்டருக்கு நேராக வந்துவிட்டார். அவரைப் பார்த்ததும் அப்துல் அலீம் நாற்காலி போட்டார். நஸ்லின் முகம் வெளுத்துப்போனது.

"ஏனுங்க பாய், நம்ம புள்ளைங்க பண்ணுன புராஜெக்ட் உங்களுக்குத் தெரியுங்களா?"

"ஏன், மார்க்கு குறைஞ்சு போச்சுங்களா?"

"இல்லீங்க. வெளிநாட்டுல இருந்து கேள்வி வந்திருக்குது. பதில் எழுதோணும்."

அலீம் மகளைப் பார்த்தார். மகள் கீபோர்டைப் பார்த்தாள். விவரம் தெரிந்ததும் அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தாரே தவிர, கம்ப்யூட்டருக்குக் காசு கேட்கவில்லை.

மாதேஸ்வரன் சொல்லச் சொல்ல நஸ்லின் இங்கிலீஷில் அடித்தாள். "ஐயா, மாதேஸ்வரன் எழுதிக்கொண்டது. தப்பு எங்க மேலதான். என்ற மகளுக்கு உங்க பாட்டு மேல உசுரு. அதனால ஊருக்கெல்லாம் குடுத்துட்டா. நடுவுல கேக்கறது என்ற குரலு. நோன்பிப் பட்டியல் படிக்கறேன். வேணும்னே உங்க பாட்டக் கெடுக்கல. புள்ளைங்க மேல கேஸு போட வேண்டாம். எதா இருந்தாலும் எம்பேருக்கே போடுங்க, அதுதான் அட்ரஸ்ல இருக்குது." கடைசியில், "இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள" என்பதைச் சுகுணா தானாகவே சேர்த்தாள்.

திங்கட்கிழமை பதில் வந்தது. நஸ்லின் அதைப் பிரிண்ட் எடுத்து, வகுப்பில் சுகுணாவின் மடியில் தூக்கிப் போட்டாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

டேவ் எழுதியிருந்தார். கேஸெல்லாம் எதுவும் இல்லை. அவர்களிடம் இருந்த கேசட்டெல்லாம் வெள்ளத்தில் போய்விட்டது. எட்டு வருடம் கழித்துத் தன் பாட்டைத் தானே இந்தத் தளத்தில்தான் கேட்டாராம். அப்படியே இருக்கட்டும், நன்றி. இப்போது அவர் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார். மிஸஸ் பெக்கருக்கு எண்பத்து மூன்று வயது. இன்னும் பேசவில்லை.

"என் கேள்வி இதுதான்: ஐந்தாவது பாட்டில் டிரம்ஸ் தனியாக வரும் இடத்தில் உங்கள் குரல் மங்கிவிடுகிறது. ஆனால் சத்தத்தை முழுக்கக் கூட்டி, இயர்போனில் கேட்டால் அடியில் ஏதோ இருக்கிறது. என் இரண்டு பிள்ளைகளும் அதைப் பாடமாக்கிவிட்டு நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். 'பாப்பாத்தி ஊடு, பூவந்தார் ரெண்டு.' இதற்கு என்ன அர்த்தம்? வீட்டில் சொல்லலாமா, கெட்ட வார்த்தை இல்லையே?"

திருகை அவள் அடிவரைக்கும் இறக்கியிருக்கவில்லை. பயத்தில் கை பாதியில் நின்றிருக்கிறது.

அந்தக் காகிதத்தோடும், பாட்டை ஏற்றிய சிடியோடும் சனிக்கிழமை இருவரும் மலையேறினார்கள். இந்த முறை நஸ்லின் மடியில் கனம் இல்லை, ஆனாலும் நாற்பதாவது வளைவில் பழக்கத்துக்கு வாந்தி எடுத்தாள். அத்தை வீட்டு வாசலில் நஸ்லின் முதலில் இங்கிலீஷிலும் பிறகு தமிழிலும் கடிதத்தைப் படித்தாள். அத்தை இரண்டையும் ஒரே கவனத்தோடு கேட்டாள்.

"அந்த ஊருல என்ற பேரச் சொல்றாங்களா?"

"புள்ளைங்க தெனமும் சொல்லுதுங்களாம் அத்தை."

"பூவந்தாரையும் சேத்தா?"

"சேத்துதானுங்க."

அத்தை முறத்தைக் கீழே வைத்தாள். அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது. ஆனால் பேர் எங்கே இருக்கிறது என்று கேட்டு, நஸ்லின் காட்டிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டாள்.

"அந்த பெக்கரம்மா இன்னும் பேசலியாக்கும்?"

"இல்லீங்களாம்."

"அவ பேரையும் எங்கியோ உட்டிருப்பானுங்க" என்றாள் அத்தை. பிறகு, வாசலுக்கு வெளியே வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற தம்பியைப் பார்த்து, இரண்டு மாதத்தில் முதல் முறையாக, "உள்ள வந்து ஒக்காருடா. மொகரையப் பாரு, கீர தின்னு தின்னு பச்சையா இருக்குது" என்றாள்.

சேந்தமங்கலத்து மைக் செட்டுக்கு வர வேண்டாம் என்று ஆள் போனது. ஆனால் அத்தை ஒரு நிபந்தனை போட்டாள். சந்தோஷ்குமார் கல்யாணத்தில் அந்த இங்கிலீசு மன்னிப்புப் பாட்டைப் போட வேண்டும். அந்த இடம் வரும்போது மாதேஸ்வரன் அவள் பேரைப் படிக்க வேண்டும், முழுசாக. அதை மறுபடி கம்ப்யூட்டரில் பிடித்து அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டும்.

"அந்தப் புள்ளைங்க காதுல ஒயரு மாட்டிக் கேக்க வேண்டாம் பாரு" என்றாள்.

ஆவணி முகூர்த்தத்தில், தாலி கட்டி முடிந்து பந்தி போடும் முன்னால், பலாமரத்துக் குழாய்கள் நான்கிலும் ஐந்தாவது பாட்டு ஓடியது. இந்தத் தடவையும் கம்ப்யூட்டர் மலையேறியிருந்தது. அப்துல் அலீம் குடும்பத்தோடு ஜீப்பில் வந்ததால், அது மரியாதையாகச் சீட்டில் உட்கார்ந்து வந்தது. ஆடுகளை முன்கூட்டியே கட்டிவைத்துவிட்டார்கள். மாதேஸ்வரன் மைக்கோடு நின்றார். ஆம்ப்ளிஃபயர் முன்னால் சுகுணா.

அவளுக்குப் பக்கத்தில், பட்டுச்சேலை கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல், மாப்பிள்ளையின் அம்மா ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். சுகுணாவின் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். சமையல்காரர் இரண்டு முறை வந்து கூப்பிட்டும் அசையவில்லை.

கித்தார் நெருங்கிக்கொண்டிருந்தது.

"கைய உடுங்க அத்தை, சத்தம் ஏத்தோணும்."

"ஏத்தறதுக்கு எடது கை போதும்" என்றாள் அத்தை. "எறக்குன கை இதுதான?"

கித்தார் நின்றது. டிரம்ஸ் உருண்டது. சுகுணா இடது கையால் மைக் திருகைக் கடைசி வரைக்கும் ஏற்றினாள்.